உள்ளே கிடந்த சாவி

இதோ கூப்பிட்டுவிடுவார்கள், அடுத்தது நம் பெயர்தான் என்று காலையிலிருந்து சங்கவி அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கோர்ட் டவாலி வாசலுக்கு வந்து பெயரை இழுத்துக் கூப்பிடும்போதெல்லாம் பாதி எழுந்தாள். வேறு யாருடைய பெயரோ என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். வராந்தாவில் பினாயில் வாசனை. யாரோ பொட்டலம் பிரித்திருந்த எலுமிச்சை சாதத்தின் வாசனை அதோடு கலந்து, பசிக்கிறதா குமட்டுகிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தம்பி லோகு காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பதினோராம் வகுப்பு, மீசை அரும்பிவிட்டது, ஆனால் பதற்றம் வந்தால் ஆறு வயதில் ஆட்டிய அதே காலைத்தான் இப்போதும் ஆட்டுகிறான். அவனுக்கு அந்தப் பக்கம் சிலிண்டர் மாமா. பெயர் ஆரோக்கியசாமி. போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் மட்டும்தான் அவர் ஆரோக்கியசாமி. அவள், லோகு, தங்கை ரித்து என்று மூன்று பிள்ளைகளுக்கும் அவர் என்றைக்குமே சிலிண்டர் மாமா. இன்றைக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவரைப் போல கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சாட்சியம் போன வாய்தாவிலேயே முடிந்துவிட்டது. இன்று வரவேண்டிய அவசியமே இல்லை. "எதுக்கு மாமா வீணா அலையறீங்க" என்றதற்கு, "நீ தனியா உக்காந்திருப்பியேன்னுதான் கண்ணு" என்றார், லோகு என்று ஒருவன் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டவர் போல.

ஒரே ஒரு வார்த்தை. காலையில் அம்மாவின் வக்கீல் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அவளை நிறுத்தி, ரொம்பப் பதமாகத்தான் சொன்னார். "ஒரே வார்த்தை பாப்பா. 'வந்துருவேன்னு அம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க'ன்னு சொல்லு. அது போதும். திரும்பி வர்ற எண்ணம் இருந்துதுன்னா பிள்ளைங்கள விட்டுட்டுப் போனாங்கங்கற இந்த கேஸே நிக்காது. உங்கம்மா வெளிய வந்துருவாங்க. ஜாமீன் எடுக்கக்கூட ஆளில்லாம உள்ள கெடக்கறாங்க, தெரியுமில்ல?" தெரியும். அரசு வக்கீல் அம்மாளோ, "நடந்ததை நடந்தபடி சொல்லும்மா, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கேஸ் கட்டோடு உள்ளே போய்விட்டார். நடந்தது நடந்தபடி. அது சங்கவிக்குள் ஒரு முடிச்சாகக் கிடந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகியது. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஜன்னலில் அந்தக் காலையில் என்ன பேச்சு நடந்தது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தி குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போகிறவள், அம்மா. நடுவில் யாரும் இல்லை. லோகு அப்போது பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான், ரித்து பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். இல்லை, ரித்து விழித்துக்கொண்டுதான் இருந்தாள், அம்மாவின் முந்தானையைப் பிடித்தாளா? பிடித்த மாதிரிதான் இருக்கிறது. அல்லது பின்னால் வந்த ஏதோ ஒரு நாளின் ரித்துவை அந்தக் காலைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேனா. இத்தனை வருஷம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததில் அந்தக் காலையின் ஓரங்கள் நைந்துபோய்விட்டன. ஆனால் நடுவில் இருக்கும் அந்த வார்த்தை மட்டும் நையவில்லை.

அம்மா அன்று தலைக்குக் குளித்திருந்தாள். ஈரமுடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பானைச் சோறும் பருப்பும் ஆக்கினாள். இவ்வளவு எதுக்கும்மா என்று சங்கவி கேட்டபோது பானையை மூடி இறக்கி வைத்தாள். அப்பா செத்த பிறகு அம்மாவுக்குப் பேச்சே குறைந்துபோயிருந்தது. பனியன் கம்பெனிக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கம்தான். லோகு ஒருமுறை ரோட்டுக்கு ஓடி வேன்காரன் திட்டிவிட்டுப் போனதிலிருந்து அந்த வழக்கம். யார் கேட்டாலும் அம்மா வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லணும் என்பதும் வழக்கம். அதனால் பூட்டு விழுந்த சத்தத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மா சந்துப் பக்கம் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கம்பிக்கு நடுவில் கையை விட்டாள். சாவி உள்ளே விழுந்தது. என்றைக்கும் இடுப்பில் செருகிக்கொண்டு போகிற சாவி. "ஏம்மா சாவியக் குடுக்கறே? எப்ப வருவே?" என்று கேட்டாள் சங்கவி. அப்போது அம்மா சொன்னாள். இன்றைக்குக் குழாயில் தண்ணி வராது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். "வரமாட்டேன் கண்ணு. இனி நீ பாத்துக்க." அழவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. சந்தின் மூலையில் சேலையின் நீலம் கொஞ்சம் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

பூட்டு வெளியே, சாவி உள்ளே.  அந்தச் சாவியை ஜன்னல் வழியாக யாரிடம் நீட்டியிருந்தாலும் அன்றைக்கே கதவு திறந்திருக்கும். லைன் வீடு, சுவரோடு சுவர் ஒட்டின வரிசை, பக்கத்தில் ஆட்கள் இல்லாமலா. ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களும் சந்து வழியாகத்தான் நடந்தார்கள். "அம்மா எங்க பாப்பா?" "வேலைக்கு." "ஓவர்டைமா?" "ஆமாங்க." சங்கவி சாவியை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். யாரிடமாவது கொடுத்துவிட்டால் அம்மா வரமாட்டாள் என்பது உண்மையாகிவிடும். கொடுக்காத வரைக்கும் அது அம்மா சொன்ன ஒரு பேச்சு மட்டும்தான். ஒன்பது வயசுப் பிள்ளையின் கணக்கு அது. சோறு தீர்ந்தது. மறுபடி ஆக்கினாள், குழைந்தது, லோகு கஞ்சி நல்லாருக்கு என்று குடித்தான். அவன் நல்லவன், அன்றைக்கெல்லாம் அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தான், ஒருமுறைகூட அம்மா எங்கே என்று கேட்டு அழவில்லை. பம்பரத்தை வீட்டுக்குள்ளேயே விட்டுக்கொண்டு, அது சுவரில் முட்டினால் சுவரிடம் சாரி சொல்லிக்கொண்டு. அடுப்பில் தீ சின்னதாகி நீலமாகி, ஒரு நாள் ஊதி அணைத்தது போல அணைந்தது. பிறகு அரிசியை ஊறவைத்துச் சர்க்கரை போட்டுத் தின்றார்கள். டிரம்மில் தண்ணீர் அடி காட்டியது. ரித்துவுக்கு உடம்பு சுட்டது. எத்தனை நாள் என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள், ஆளுக்கொரு எண் சொன்னார்கள், எழுதினார்கள். அவளுக்குத் தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒரே நாள்தான், ரொம்ப நீண்ட ஒரு நாள்.

டவாலி வந்தார். "மாரிச்சாமி... மாரிச்சாமி... மாரிச்சாமீ..." ஒரு கிழவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினார். பாதி எழுந்த சங்கவி மறுபடி உட்கார்ந்தாள். மாமா ஒரு ஆரஞ்சு மிட்டாயை நீட்டினார். "வாய் காஞ்சு கெடக்கு பாரு." வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இவருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? மேடையில் சொல்வார்கள், நன்றியுரை என்று நோட்டீசில் அச்சடித்துக்கூடப் போடுவார்கள். மாமாவிடம் போய், மாமா உங்களுக்கு நன்றி என்றால், உடம்பு கிடம்பு சரியில்லையா கண்ணு என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். தேங்க்ஸ் மாமா என்று சொல்லலாம், அது கடைக்காரரிடம் சில்லறை வாங்கும்போது சொல்வது. ஆனாலும் சொல்ல வேண்டியது இவ்வளவு இருக்கிறதே. அன்றைக்குச் சந்தில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. "கேஸ்!" என்று ஒரு குரல். அவள் ஜன்னலில் ஏறி நின்று எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "அம்மா வேலைக்குப் போயிருக்கு. வெளியவே வச்சிட்டுப் போங்க." "வெளிய வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான் பாப்பா. அம்மா எப்ப வரும்?" எப்ப வரும். இத்தனை பேருக்குப் பதில் சொன்ன வாய்க்கு அந்தக் கேள்வியை மட்டும் யாருமே கொடுக்கவில்லை, அதற்கு ஒரு பொய்யைத் தயார் செய்து வைக்கவில்லை. "வரமாட்டாங்க" என்று வந்துவிட்டது. அந்த ஆள் தோளிலிருந்த சிலிண்டரை மெதுவாக, சத்தமே வராமல், கீழே இறக்கினார். ஜன்னலுக்கு வந்து உள்ளே பார்த்தார். பாயில் கிடந்த ரித்துவைப் பார்த்தார், லோகுவைப் பார்த்தார். ஐயோ என்று அலறவில்லை. அடப்பாவி என்று யாரையும் திட்டவில்லை. கூட்டம் கூட்டவில்லை. "சரி," என்றார். "சாவி எங்க இருக்கு கண்ணு?"

அந்த ஒரு 'சரி'க்காகவே ஆயுசுக்கும் கடன்பட்டவள் என்று சங்கவிக்குத் தோன்றும். அந்தக் குரல் அன்றைக்குக் கொஞ்சம் உயர்ந்திருந்தால் அவள் உடைந்து தூள் தூளாகியிருப்பாள். அதற்குப் பிறகு எல்லாம் கும்பலாகத்தான் நினைவிருக்கிறது: டீக்கடையிலிருந்து பாலும் பன்னும், ஆஸ்பத்திரியில் ரித்துவின் சின்னக் கையில் ஊசி, போலீஸ் அக்கா ஒருத்தி தன் சீப்பால் தலைவாரிவிட்டது, பிறகு குழந்தைகள் நலக் குழு என்று மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து பேசி, பெண் பிள்ளைகள் இரண்டும் ஒரு இல்லத்துக்கு, பையன் ஊருக்கு மறுகோடியில் இன்னொரு இல்லத்துக்கு என்று முடிவு சொன்னது. அன்றைக்குத்தான் லோகு முதல்முதலாக அழுதான். யாரையோ கடிக்கவும் செய்தான். அவன் கடித்த கை மாமாவுடையதுதான் என்று பின்னால் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு, அதே கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, டிவிஎஸ் வண்டியில் லோகுவை முன்னால் நிற்கவைத்து இல்லத்து வாசலில் வந்து இறங்கினார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும். மழையில் வந்தார், சொந்த மகளுக்கு நிச்சயம் நடந்த வாரத்தில் வந்தார். பிள்ளைகள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க வெளியே வண்டியில் சாய்ந்து நிற்பார், உள்ளே வந்து உட்காரமாட்டார். கூப்பிட்டால், "நீங்க பேசுங்க, எனக்கென்ன" என்பார். அந்த ஞாயிறுகள் இல்லையென்றால் லோகு வெறும் பெயராகியிருப்பான். ரித்துவுக்கு அண்ணன் என்று ஒருத்தன் இருந்ததே தெரிந்திருக்காது. மூன்று பேரை மூன்று பேராகவே வைத்திருந்தது அந்த வண்டி. இப்போது சங்கவி நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அவளும் லோகுவும் தாங்களாகவே பஸ் பிடித்து ரித்துவைப் பார்க்கப் போய்விடுகிறார்கள், ஆனாலும் வாசலில் ஒரு பழைய வண்டி நிற்கிறதா என்று கண் தானாகத் தேடும், அநேகமாக நிற்கும்.

இங்கேதான் அவளுடைய நினைப்பு வழக்கமாக முள்ளில் மாட்டும். இவ்வளவு நன்றி யாருக்கு? மாமாவுக்கு, சரி. சீப்பு வைத்திருந்த அக்காவுக்கு, ரித்து இருமும்போதெல்லாம் எழுந்து வந்து பார்த்த இல்லத்து ஆயாவுக்கு, சரி. அடுப்பில் தீர்ந்துபோன கேஸுக்கு? தீரவில்லையென்றால் மாமா வந்திருக்கமாட்டாரே. அப்போ போனவளுக்குமா? அவள் போகாவிட்டால் இவர்கள் யாருமே இல்லை. இப்படி நினைப்பதே தப்பு என்று மனசைப் பிடித்து இழுப்பாள். ரித்துவின் உதடு வெடித்துக் கிடந்ததை நினைத்துக்கொள்வாள். கோபம் வரும், வந்து நிற்கும், பிறகு அதுவும் எங்கேயோ சந்தின் மூலையில் திரும்பிப் போய்விடும், நீலத்தின் நுனி மட்டும் தெரியும். அம்மாவோடு ஒரு ஆள் இருந்தான், அவனோடு போய்விட்டாள் என்று லைன் வீட்டில் பேசினார்கள். போலீஸ் கடைசியில் அவளைக் கண்டுபிடித்தது கரூரில், கொசுவலை கம்பெனி ஒன்றின் பெண்கள் விடுதியில். ஆள் யாரும் இல்லை. தனியாகத்தான் இருந்தாள். இத்தனை வருஷமும் ரெண்டு மணி நேர பஸ் தூரத்தில் வலை தைத்துக்கொண்டு இருந்தாள். ஆள் இருந்திருந்தாலாவது புரிந்துகொள்ளலாம் என்று அன்றைக்குச் சங்கவிக்குத் தோன்றியது.

வராந்தாவின் அந்தக் கோடியில் இரண்டு பெண் போலீசுக்கு நடுவில் ஒருத்தி நடந்து வந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. அளவுக்குப் பெரிய செருப்பு, ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் தட்டியது. தரையைப் பார்த்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்சம் மெதுவானது. "யாருக்கா அது?" என்று லோகு கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியவில்லை அவனுக்கு. "அம்மாடா." அவன் ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. மாமா அவன் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை. சங்கவிக்கு ஒரே ஒரு பயம்தான் இப்போது பாக்கி இருந்தது. உள்ளே போய் அந்த முகத்தைப் பார்த்தால் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை தானாக விழுந்துவிடுமோ. வந்துருவேன்னு சொன்னாங்க. எவ்வளவு சுலபம். சொல்லிவிட்டால் அந்தக் குதிகாலுக்கு அளவான செருப்பு கிடைக்கும். சொல்லிவிட்டால், பூட்டிய வீட்டுக்குள் வருவாள் வருவாள் என்று காத்திராமல், வரமாட்டாள் என்று தெரிந்தே அடுப்பைப் பற்றவைத்த அந்த ஒன்பது வயசுக்காரி பொய்க்காரியாகிவிடுவாள். அந்தச் சின்னவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"சங்கவி... சங்கவி... சங்கவீ..."

சாட்சிக் கூண்டின் கட்டை வழவழவென்று இருந்தது, எத்தனை பேரின் உள்ளங்கை வியர்வையோ. நீதிபதி ஒரு அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பயப்படாம பேசும்மா, தண்ணி வேணுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினாள். அரசு வக்கீல் கேட்கக் கேட்கச் சொன்னாள்: பானைச் சோறு, பூட்டு, ஜன்னல், சாவி. "எப்ப வருவேன்னு நீ கேட்டியா?" "கேட்டேன்." "என்ன சொன்னாங்க?" எதிரே பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தாள், பார்த்துவிட்டாள். அம்மா இப்போது தரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "வரமாட்டேன் கண்ணு, இனி நீ பாத்துக்கன்னு சொன்னாங்க." டைப் அடிக்கும் சத்தம் கேட்டது, நின்றது. 

அம்மாவின் வக்கீல் எழுந்தார். காலையில் இருந்த பதம் குரலில் இல்லை. அந்த வயசில் கேட்டது சரியாக ஞாபகம் இருக்குமா, போலீசும் இல்லத்துக்காரர்களும் சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டார். இல்லை, இல்லை என்றாள். பிறகு ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "இது கேஸ் கம்பெனியில இருந்து வாங்கினது. அம்மா வீட்டை விட்டுப் போன அன்னைக்குக் காலையில, அவங்க செல்லுல இருந்து சிலிண்டர் புக் ஆகியிருக்கு. உனக்குத் தெரியுமா?" சங்கவிக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. சிலிண்டர் தானாக வந்தது, வருகிற முறைக்கு வந்தது, மாமாவை ஏதோ ஒரு தெய்வம் அனுப்பியது என்றே இத்தனை வருஷமும். "திரும்பி வரமாட்டேன்னு போறவ சிலிண்டர் புக் பண்ணிட்டா போவா? வீட்டுக்குத் திரும்பி வந்து சமைக்கணும்னுதானே புக் பண்ணினாங்க? வந்துருவேன்னுதானே சொன்னாங்க? நீ பொய்தானே சொல்றே?"

"அவ பொய் சொல்லலைங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா எதிர்க் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் கையை ஆட்டி, "நீங்க பேசாதீங்க" என்றார். நீதிபதி, "உங்களைக் கேக்கும்போது சொல்லலாம்மா, இப்பப் பேசக் கூடாது" என்றார். அம்மா நிறுத்தவில்லை. குழாயில் தண்ணி வராது என்று சொல்கிற அதே குரல். "அவ சொன்னதுதாங்க நான் சொன்னேன். வரமாட்டேன்னுதான் சொன்னேன். சிலிண்டரு நான் வர்றதுக்காகப் புக் பண்ணலைங்க. என்னால அங்க இருக்க முடியலை. இருந்தா மூணையும் கூட்டிக்கிட்டு எதுலயாச்சும் போய் விழுந்துருப்பேன். அதான், கேஸ்காரராவது வந்து கதவத் தட்டட்டும்னு போட்டேன். அவரு மறுநாளே வந்துருவாருன்னு நெனச்சேன்ங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எம்மக பொய் சொல்றவ இல்ல."

வக்கீல் தாளை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவின் வாக்குமூலத்தை அதற்கான நாளில் முறைப்படி எடுப்பதாகச் சொல்லி வாய்தா போட்டார். சங்கவி எங்கே கையெழுத்துப் போட்டாள், எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எம்மக. தன்னைக் காப்பாற்றியிருக்கக் கூடிய ஒரே பொய்யை அம்மா எடுத்துக்கொள்ளவில்லை. கூண்டில் தனியாக நின்ற பிள்ளைக்குத் துணையாக வந்து நின்றுவிட்டாள், அதற்கு விலை என்னவென்று தெரிந்தே. விட்டுவிட்டுப் போனதும் அவள்தான், அது மாறாது, ரித்துவின் உதடு வெடித்தது வெடித்ததுதான். ஆனாலும் முள்ளில் மாட்டிக் கிடந்தது இப்போது மாட்டவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, பயம் இல்லை, கோபமும் இல்லை, பால் பொங்கி வருவது மாதிரி மெதுவாக ஏறி வந்துகொண்டே இருந்தது. சொல்லிவிட வேண்டும், யாரிடமாவது, எப்படியாவது.

வெளியே வேப்ப மரத்தடியில் வேன் வருவதற்காக அம்மாவை நிறுத்தியிருந்தார்கள். "அக்கா, என்ன சொன்னே? என்ன ஆச்சு?" என்று லோகு ஓடி வந்தான். "நடந்ததைச் சொன்னேன்." "அம்மா?" "அம்மாவும் அதையேதான்டா சொன்னாங்க." அவனுக்குப் புரியவில்லை. மாமா மரத்தடியைப் பார்த்தார், சங்கவியைப் பார்த்தார். "போய்ப் பேசு கண்ணு" என்றார். "நாங்க இங்கேயே நிக்கறோம்."

பெண் போலீஸ் தடுக்கவில்லை, ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள். கிட்டே போனதும் அம்மாவின் கண் சங்கவியின் தலைமுடியில், காதில், கழுத்தில், எங்கெல்லாமோ போய்விட்டு வந்தது. லோகு நின்ற பக்கம் இன்னொரு முகத்தைத் தேடிவிட்டு, ஏதோ கேட்க வாய் திறந்தாள். கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, மூடிக்கொண்டாள். வேன் திரும்பி உள்ளே வருவது தெரிந்தது.

"ரித்து சைக்கிள் ஓட்டுறாம்மா," என்றாள் சங்கவி. "ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுறா. எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்ல."